பத்தாவது முடித்த மருமகனுக்கு எதை வாங்குவது: பிஎஸ்5, கம்ப்யூட்டர், இல்லை பழைய கான்ட்ராவா?

அண்ணன் மகன் பத்தாவது படிக்கும்போதே வாக்குக் கொடுத்திருந்தேன். எழுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் எடுத்தால், கேம் விளையாட அவன் கேட்பதை அறுபதாயிரம் ரூபாய்க்குள் அத்தை வாங்கித் தருவேன் என்று. எடுத்துவிட்டான். அவன் கேட்பது பிஎஸ்5, அதாவது டிவியில் சொருகி விளையாடும் சோனியின் பிளேஸ்டேஷன் 5. அண்ணனுக்கு அதில் சம்மதம் இல்லை. பணம் காரணமில்லை. "இப்ப வர்ற கேம்ல என்னட்டி இருக்கு? அம்புக்குறி காட்டுது, இவன் பின்னாலயே போறான். எல்லாம் ஒரே மாதிரி. நாங்க வெளாண்டதுல்லா கேம்" என்கிறார்.

மும்பை சயான் கோலிவாடா வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பேச்சே ஓடியது. எனக்கும் அண்ணனுக்கும் கேம் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட விஷயம். அவர் வேலை, குடும்பம் என்று விட்டுவிட்டார். நான் நாற்பதைத் தாண்டியும் விடவில்லை. ராத்திரி ஒரு மணி நேரம் அதற்கென்றே வைத்திருக்கிறேன். அதனால் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க மனம் வரவில்லை. அண்ணன் சொல்வது உண்மையா என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது. உண்மையென்றால் பிஎஸ்5 வீண். பழைய கேம்கள் ஏற்றிய சின்னக் கைக்கருவி ஒன்று போதும், சில ஆயிரத்தில் முடிந்துவிடும். அது போக கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒன்றுமே வாங்காமல் கையில் இருக்கிற போனே போதும் என்றும் சொல்லலாம்.

அண்ணனின் காலம்

1995 வாக்கில் எங்கள் சாலுக்கு, அதாவது வரிசை வீட்டுக் கட்டடத்துக்கு, பின்னால் வீடியோ கேம் பார்லர் இருந்தது. பெட்டிக்கடை அளவு இடம், நான்கு மெஷின், ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். பெண்பிள்ளைகள் உள்ளே போவதில்லை. அண்ணன் விளையாடுவார், நான் வாசலில் நின்று பார்ப்பேன். கேப்காம் 1993இல் வெளியிட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்தான் அங்கே ராஜா. அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அதில் வரும் ஆளின் பெயரைச் சொல்லி 'முஸ்தபா' என்றால்தான் தெரியும்.

வாசலில் நின்று பார்த்தவளுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்தது. முதல் கட்டம் எல்லோருக்கும் வந்துவிடும். அதற்கடுத்து ஆள் விழுவான். விழுந்ததும் திரையில் எண்கள் இறங்க ஆரம்பிக்கும். அது முடிவதற்குள் இன்னொரு ரூபாய் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அண்ணன் சட்டைப் பையைத் துழாவுவது அந்த நேரத்தில்தான். மெஷின் வைத்திருப்பவருக்கு ஒரே ஆள் ஒரு ரூபாயில் அரை மணி நேரம் நின்றால் நஷ்டம். நீ சீக்கிரம் விழ வேண்டும், விழுந்தாலும் 'இன்னும் கொஞ்சம்தான்' என்று தோன்ற வேண்டும். அந்தக் கஷ்டத்தின் ஒரு பாதி கலை, மறுபாதி கல்லாப்பெட்டி.

அப்புறம் எங்கள் வீட்டுக்கு சாமுராய் வந்தது. டிவியில் சொருகி விளையாடுவது. நான் கையில் பிடித்து விளையாடிய முதல் கேம் அதில்தான். ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி விற்ற ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக எழுதியிருக்கும். உள்ளே போனால் அதே மரியோ, சுட்டுக்கொண்டே ஓடும் அதே கான்ட்ரா, வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்.

1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கேபி. போனில் இன்று எடுக்கும் ஒரு போட்டோவே அதைப் போலப் பல மடங்கு. இடம் போதாமல், வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் ஒரே படத்தை வைத்து நிறம் மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கை தேர்ந்தவர்கள் அந்த கேமை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துக் காட்டியிருக்கிறார்கள். எத்தனை முறை செத்தாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்று வைத்திருந்தால், காசு கொடுத்து வாங்கியவர் ஒரே வாரத்தில் முடித்துவிட்டு ஏமாந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார். மூன்று லைஃப், தீர்ந்தால் திரும்ப முதலிலிருந்து. சின்ன கேமை மாதக்கணக்கில் நீட்டிக்க அதுதான் வழி. லீவுக்கு ஊருக்குப் போகும்போது சாமுராயையும் கொண்டுபோவோம். மரியோவின் ஏழாம் உலகத்தில் நிற்கும்போது கரன்ட் போகும். எல்லாம் போச்சு. அதைச் சவால் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அமெரிக்காவில் கேமை வாடகைக்கு எடுத்து ஒரு வார இறுதியில் முடித்துத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. ஜப்பானில் அப்படி வாடகைக் கடைகள் கிடையாது. 1994இல் வந்த கான்ட்ரா ஹார்ட் கோர் கேமில் ஜப்பானியப் பதிப்பு மூன்று அடி தாங்கும், தோற்றாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் தொடரலாம். அதே கேம் அமெரிக்காவுக்குப் போனபோது ஒரே அடியில் சாவு. அதே கலைஞர்கள், அதே கேம். கடினத்தை முடிவு செய்தது வியாபாரம்.

புதுமை விஷயமும் அப்படித்தான். அண்ணன் உயிரை விடுகிற ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, 1991இல் வந்தது. 1994க்குள் அதையே கொஞ்சம் கொஞ்சம் மாற்றி நான்கு முறை வெளியிட்டார்கள். 1993இல் டூம் வந்த பிறகு துப்பாக்கி பிடித்து நடக்கும் கேம் எதுவானாலும் 'டூம் காப்பி' என்றே பேர். 1972இல் பாங் வந்ததிலிருந்து ஓடுவதைப் பார்த்து அடுத்தவன் செய்வது நடந்துகொண்டுதான் இருக்கிறது. நமக்கு நினைவில் தங்கியது நல்ல பத்து கேம். மறந்துபோன நூறு குப்பையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அம்புக்குறி எங்கிருந்து வந்தது

ஆனால் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. பெரிய கேம்களில் இன்று யோசிக்கிற வேலை குறைந்துவிட்டது. 2007இல் அசாசின்ஸ் கிரீடில் கோபுரத்தில் ஏறிச் சுற்றிப் பார்த்தால் மேப் திறக்கும் என்று வைத்தார்கள்; அன்றைக்கு அது புதுசு. அதன்பின் வந்த எத்தனையோ கேம்களில் அதே கோபுரம், அதே மேப், மேப் முழுக்கப் பொட்டுப் பொட்டாக வேலைகள். கால் ஆஃப் ட்யூட்டி 2005 முதல் வருஷம் தவறாமல் வருகிறது.

மஞ்சள் பெயின்ட் சண்டை என்றே ஒன்று நடந்தது. 2023இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 மறுஆக்கத்தில் உடைக்க வேண்டிய பீப்பாய், ஏற வேண்டிய ஏணி எல்லாவற்றிலும் மஞ்சள் பெயின்ட். அடுத்த வருஷம் ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபெர்த் கேமில் மலைப் பாறையிலும் அதே மஞ்சள். ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் காரணம் படத்திலேயே இருக்கிறது. மரியோவில் கேள்விக்குறி போட்ட கட்டம் மின்னும், அதை முட்டலாம் என்று குழந்தைக்கும் தெரியும். இன்றைய கேமில் பாறையும் மரமும் நிஜம் போலவே இருக்கின்றன. எதில் கை வைக்கலாம், எது வெறும் அலங்காரம் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. படம் நிஜமாக ஆக ஆக, வழிகாட்டப் பொய்யாக ஒன்றைப் பூச வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணம் பணம். 2023இல் அமெரிக்க நீதிமன்றத்துக்கு சோனி கொடுத்த காகிதத்தில் கறுப்பு மையால் சரியாக மறைக்காமல் விட்ட எண்கள் வெளியே தெரிந்துவிட்டன. தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்குச் செலவு சுமார் 22 கோடி டாலர். நம் பணத்தில் ஆயிரத்து எண்ணூறு கோடிக்கு மேல். இத்தனை போட்டவர்கள் ஒரு ஆட்டக்காரரைக்கூட அரை மணி நேரம் திணறவிட அஞ்சுகிறார்கள். திணறியவர் எழுந்து போய்விட்டால் அடுத்த பாகத்தை வாங்க மாட்டார். அன்றைக்குப் பார்லர்காரருக்கு நீ தோற்றால் லாபம். இன்றைக்குப் பெரிய கம்பெனிக்கு நீ தோற்றால் நஷ்டம். இரண்டு இடத்திலும் ஆட்டத்தின் கஷ்டத்தை அளந்து வைப்பது ஒரே கைதான்.

எல்லாப் பெரிய கேமும் அப்படி இல்லை. 2022இல் வந்த எல்டன் ரிங், தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே குதிரை மேல் தங்கக் கவசக்காரனை எதிரே நிறுத்தும். நான் அவனிடம் இருபது முறையாவது செத்திருப்பேன். அவனை விட்டுவிட்டுச் சுற்றிப் போகலாம், பலம் சேர்த்துக்கொண்டு திரும்பலாம் என்று கேம் வாய்விட்டுச் சொல்லாது. நமக்கே தோன்ற வேண்டும். அது ஒரே வருஷத்தில் இரண்டு கோடிப் பிரதிகள் விற்றது. சவால் கேட்கிற கூட்டம் இன்னும் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சின்னக் கூட்டத்தின் சமையல்

என்னை மாற்றியது ஹாலோ நைட் என்ற கேம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் சேர்ந்து செய்து, 2017இல் வெளியிட்டது. பூச்சிகளின் பாழடைந்த ராஜ்யம். புதிய பகுதிக்குள் இறங்கினால் மேப் கிடையாது. அங்கே எங்கோ மேப் வரைகிறவன் உட்கார்ந்திருப்பான். தரையில் காகிதங்கள் சிதறிக் கிடக்கும், அவன் முனகிப் பாடுவது தூரத்தில் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துப் போய், காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்கினாலும் அரைகுறை மேப்தான். மீதியை நீயே நடந்து, பெஞ்சில் உட்கார்ந்தால்தான் அது மேப்பில் ஏறும். நீ நிற்கும் இடம் தெரிய வேண்டுமானால் அதற்குத் தனியாகத் திசைகாட்டி வாங்க வேண்டும். அம்புக்குறிக்கு இதைவிட அழகான பதில் எனக்குத் தெரியவில்லை. நள்ளிரவில் வழி தெரியாமல் இருட்டில் நிற்கும்போது அந்த முனகல் கேட்டால் வரும் நிம்மதி இருக்கிறதே, அதைப் பழைய கேம் எதுவும் எனக்குத் தந்ததில்லை. அதன் அடுத்த பாகம் சில்க்சாங் 2025 செப்டம்பர் 4 அன்று வந்தபோது கூட்டம் தாங்காமல் ஆன்லைன் கடைகள் முடங்கின.

2018இல் வந்த செலஸ்டே மலை ஏறும் பெண்ணின் கதை. நான்கே நாளில் செய்த குட்டி கேமிலிருந்து வளர்ந்தது. அநியாயக் கஷ்டம். ஆனால் விழுந்த நொடியில் அதே அறையின் தொடக்கத்தில் நிற்பாய். லைஃப் கணக்கு இல்லை, முதலிலிருந்து ஓட வேண்டியதில்லை. தண்டனையை எடுத்துவிட்டுச் சவாலை மட்டும் வைத்திருக்கிறார்கள். கை சரியாக இயங்காதவர்களுக்காக வேகத்தைக் குறைக்கும் வசதியும் உண்டு. அண்ணன் அதைக் கள்ளாட்டம் என்றார். கான்ட்ராவில் மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ அழுத்தி முப்பது லைஃப் வாங்கியது யார் என்று கேட்டேன். பதில் இல்லை.

புதுமைக்கு எங்கேயும் தூரம் போக வேண்டாம். டொரோன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா, 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த சமையல் நோட்டு கிழிந்தும் அழிந்தும் இருக்கும். விட்டுப்போன அடியை நாமே யோசித்து இட்லி சுட வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். முதல் அடுப்பிலேயே எனக்குத் தொண்டை அடைத்தது. வேறு மண்ணில் வளரும் பிள்ளை தமிழில் பேசக் கூச்சப்படுவதும், அதைக் கேட்டுக்கொண்டு அம்மா சும்மா இருப்பதும் மும்பையில் வளர்ந்த எங்களுக்குப் புதிதல்ல. 2024இல் அந்த கேமுக்கு அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், சவால் என்று பெரிதாக இல்லை. ஆனால் 1995இல் இப்படி ஒன்றை யாரும் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

சின்னக் கூட்டத்துக்கு இது எப்படி முடிகிறது? லட்சம் பேர் வாங்கினாலே பிழைத்துக்கொள்வார்கள். பிடிக்காதவன் போகட்டும் என்று விடுகிற தைரியம் அதில் வருகிறது. பெரிய கம்பெனிகள் இழந்தது அந்தத் தைரியத்தைத்தான். ஆக, அண்ணன் தேடுவது முப்பது வருஷத்துக்குப் பின்னால் இல்லை. இன்றைக்கே, வேறு கடையில் இருக்கிறது.

சரி, எதை வாங்குவது

போனை முதலில் தள்ளினேன். ஆன்லைனில் நிஜ மனிதர்களோடு மோதுவது நிஜச் சவால்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான இலவச கேம்கள் தினமும் உன்னை உள்ளே இழுத்து ஏதாவது வாங்க வைப்பதற்காகக் கட்டப்பட்டவை. பார்லரில் ஒரு ரூபாய்க்குக் கை துழாவியதைப் பார்த்தவளுக்கு அது உடனே புரியும்.

பழைய கைக்கருவி நல்ல பொழுதுபோக்கு. அதில் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாகச் சொல்லி விற்பவை பெரும்பாலும் அனுமதியில்லாமல் ஏற்றியவை. எது நல்லது என்று பொறுக்கித் தர ஆள் இல்லையென்றால் பையன் ஒவ்வொன்றையும் மூன்று நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடுவான். பழையது வேண்டுமென்றால் கம்பெனிகளே தொகுத்து விற்கிறார்கள். கொனாமி 2019இல் கான்ட்ரா தொகுப்பு வெளியிட்டது, ஜப்பானியப் பதிப்புகளும் அதில் உண்டு. ஸ்டீம் டெக், நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற புதிய கைக்கருவிகள் இரண்டிலும் எனக்கு ஆசை இருந்தது. ஆனால் நான் தேடியபோது இரண்டையுமே நம் ஊரில் கம்பெனி நேரடியாக விற்கவில்லை. ரிப்பேர் வந்தால் யாரிடம் போவது?

ஆகப் போட்டி பிஎஸ்5க்கும் கம்ப்யூட்டருக்கும்தான். மேலே சொன்ன சின்ன கேம்கள் பெரும்பாலும் பிஎஸ்5இலும் கிடைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாங்கிச் சொருகினால் வேலை முடிந்தது. எல்டன் ரிங் அருமையாக ஓடும். 2024இல் வந்த ஆஸ்ட்ரோ பாட் போலப் புதுமை ததும்பும் கேம் அதில் மட்டும்தான். பிஎஸ்5 நம் நாட்டுக்கு 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்து, பிறகு டிஸ்க் போடும் மாடல் 54,990 ஆனது. அந்த விலைக்கு வாங்கினால் என் அறுபதாயிரத்தில் மீதி ஒரு கேமுக்குத்தான் வரும், ஏனென்றால் நான் பார்த்தபோது பெரிய கேம் ஒன்று 4,999. காசு கொடுத்து வாங்கும் கேம்களை நண்பர்களோடு ஆன்லைனில் விளையாடச் சந்தா தனி. பிஎஸ்5தான் என்று முடிவெடுப்பவர்கள் டிஸ்க் மாடலையே வாங்குங்கள். முடித்த டிஸ்க்கை விற்று அடுத்ததை வாங்கலாம். டிஸ்க் இல்லாத மாடலில் அந்த வழி அடைபட்டுவிடும்.

கம்ப்யூட்டருக்காக சயானிலிருந்து ரயில் ஏறி, தாதரில் மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்தேன். ஆபீஸ்களில் கழித்துவிட்ட டெஸ்க்டாப்பைச் சரிபார்த்து பில்லோடு விற்கும் கடைகள் இருக்கின்றன. ஒரு கடைக்காரர் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார். இந்த வகைப் பெட்டிகளில் பவர் சப்ளை சின்னது, கார்டுக்குத் தனி மின் வயர் பெரும்பாலும் இருக்காது. தனி வயர் கேட்காத சின்ன கார்டுதான் வாங்க வேண்டும். 16 ஜிபி ராம், சின்ன கார்டு, மானிட்டர், கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து எனக்கு 43,000 ஆனது. ஹாலோ நைட், செலஸ்டே, வெண்பா இதில் தண்ணீர் போல ஓடும். எல்டன் ரிங் படத்தின் தரத்தைக் குறைத்தால்தான் ஓடும், அந்த அழகில் பாதி போய்விடும். இந்தக் குறையை மறைக்க மாட்டேன்.

மீதி 17,000 முழுக்க கேமுக்கு. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ரூபாய் விலை, வருஷத்தில் சில முறை பெரிய தள்ளுபடி. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். புதிய, பெயர் தெரியாத கேமைத் துணிந்து தொட்டுப் பார்க்கப் பையனுக்கு அதுதான் தெம்பு. 4,999 கொடுத்து வாங்கும்போது யாரும் துணிய மாட்டார்கள், பழக்கமான பெயரையே எடுப்பார்கள். கோடோ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டால் அவனே கேம் செய்து பார்க்கலாம். நான் கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்ததற்கு இவைதான் காரணம். உங்கள் பிள்ளையின் நண்பர்கள் எல்லோரும் பிஎஸ்5இல் ஃபுட்பால் ஆடுகிறார்கள், அவனுக்கு வேண்டியது அந்தக் கூட்டம்தான் என்றால் நான் சொல்வதைக் கேட்காதீர்கள், பிஎஸ்5 வாங்கிக் கொடுங்கள். என் மருமகனுக்கும் அந்த வருத்தம் கொஞ்சம் இருக்கிறது. சனிக்கிழமை நண்பன் வீட்டுக்குப் போய் ஆடிவிட்டு வருகிறான்.

தள்ளுபடி வந்தபோது அந்தக் கான்ட்ரா தொகுப்பையும் வாங்கி, அண்ணனுக்கு இன்னொரு கன்ட்ரோலரும் வைத்தேன். போன ஞாயிறு அப்பாவும் மகனும் உட்கார்ந்தார்கள். அண்ணனின் விரல் அந்த முப்பது லைஃப் வரிசையைத் தானாக அழுத்தியது. மூன்றாவது கட்டம் அருவி, மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒருவர் வேகமாக ஏறினால் திரையும் கூடவே ஏறும், கீழே நிற்பவர் செத்துப்போவார். மருமகன் தாவித் தாவி ஏறினான். அண்ணன் கீழே கிடந்து நான்கு லைஃப் விட்டார்.

"ஏல, மெதுவா ஏறுல. நான் வாரேன்ல்லா."

அவன் ஒரு பாறையில் நின்று காத்திருந்தான்.